எழுத்தும் கோடும்
தொடக்கப் பள்ளி ஓவியக் கல்வி: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்தின் வடமேற்கு மூலையில், கருநாடகமும் ஆந்திரமும் வந்து முட்டும் எல்லையில் அமைந்தது ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம். சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1965-இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் புதிய கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்த இந்நிலம், அதே காலத்தில் வேறொரு மாற்றத்தையும் கண்டது. கேழ்வரகும் மாவும் விளைந்த மேட்டுநிலத்தில் ஆலைகள் எழுந்தன. 1980-இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டி இவ்வூரிலிருந்து வெளிவந்தது. 1984-இல் தோன்றிய டைட்டன் நிறுவனம் இங்கே கைக்கடிகாரங்களைச் செய்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இம்மாற்றங்களை ஆலைகளின் கணக்கிலும் சாலைகளின் நீளத்திலும் அளந்து கூறுவோர் பலர். இந்நிலத்தில் ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்குள் நுழைந்து பலப்பத்தைக் கையில் எடுத்தபோது, அதனை என்ன வரையச் சொன்னார்கள், ஏன் வரையச் சொன்னார்கள் என்பதைக் கூறுவோர் சிலரே. தொடக்கப் பள்ளி ஓவியத்தின் வரலாறு ஏதோ பொழுதுபோக்கின் வரலாறு போலத் தோன்றலாம். அணுகிப் பார்த்தால், குழந்தையின் கை யாருக்கு உரியது என்னும் கேள்வியே அவ்வரலாறு நெடுகிலும் வந்துகொண்டிருப்பதைக் காணலாம். அரசின் தொழிலுக்கா, தந்தையின் குலத்தொழிலுக்கா, நாளைய ஆலைக்கா, அன்றி அந்தக் குழந்தைக்கேயா? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை கூறியுள்ளது.

எழுதுதல் என்னும் வினை

பழந்தமிழர் எழுத்தையும் ஓவியத்தையும் இரண்டாகப் பிரித்தாரல்லர். கண்ணுக்கு மையிடுதலும், மகளிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் வரைதலும், சுவரில் உருவம் தீட்டுதலும் எழுதுதல் என்னும் ஒரே வினையால் சுட்டப்பட்டன. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்றை நம் கண்முன் நிறுத்துகிறது. அம்மண்டபத்தைக் குறிக்கும் பெயரிலும் எழுத்து என்னும் சொல்லே அமைந்துள்ளது. அங்கு வந்தோர் காமன், இரதி, இந்திரன், அகலிகை ஆகியோரின் உருவங்களைக் கண்டு, இவர் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறி விளக்குகின்றனர். படத்தின் முன் நின்று ஒருவர் கேட்க ஒருவர் சொல்லும் அக்காட்சியை, தமிழில் பதிவான மிகப் பழைய ஓவியப் பாடங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி வட்டாரத்திற்கும் இத்தகைய தொன்மை உண்டு. பர்கூரை அடுத்த மல்லப்பாடியில் பாறைமேல் வெண்ணிறத்தில் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. குதிரைமீது அமர்ந்து பொருதும் வீரர்கள் சில கோடுகளிலேயே உயிர் பெற்றுள்ளனர். வட்டாரமெங்கும் நடுகற்கள் காணப்படுகின்றன. 1993-இல் நிறுவப்பெற்ற கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றுட் பல இடம்பெற்றுள்ளன. நடுகல்லில் வீரன் பேருருவினன். அவன் மீட்ட ஆநிரைகள் சிற்றுருவின. சிற்பிக்கு அளவு தெரியாமையால் நேர்ந்தது அன்று இது. யாருக்காகக் கல் நடப்பட்டதோ அவனே கல்லில் பெரியவனாக நிற்க வேண்டும் என்பது அக்கலையின் இலக்கணம்.

ஏழு வயதுக் குழந்தை ஒன்றிடம் தாளும் வண்ணக் குச்சியும் கொடுத்து வீட்டை வரையச் சொன்னால், தாயை வாசற்கதவினும் உயரமாக வரைவதைக் காணலாம். ஆசிரியர் பலர் அதனைப் பிழையென்று திருத்துவர். நடுகல்லின் இலக்கணம் அறிந்தவரோ திருத்தத் தயங்குவர். கவிஞர்க்கு உயர்வு நவிற்சி எவ்வாறு உரிமையோ, அவ்வாறே குழந்தைக்கு இவ்வளவு மாற்றமும் உரிமையாகும்.

மணலிலிருந்து மேலைநாடு வரை

திண்ணைப் பள்ளிகளில் கல்வி மணலில் தொடங்கியது. பரப்பிய மணலில் ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தின் வளைவை இழுப்பார். குழந்தை அதன்மேல் மீண்டும் மீண்டும் விரலோட்டும். வாய் எழுத்தைச் சொல்லும். விரல் எழுத்தை வரையும். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் வரும். விசயதசமியன்று அரிசியைப் பரப்பி முதலெழுத்தை எழுதுவிக்கும் வழக்கம் அம்முறையின் எச்சமாக இன்றும் வாழ்கிறது.

இம்மணல் முறை கடல் கடந்து சென்றதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஏற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அங்கு வளர்த்தார். இச்சோதனையைப் பற்றிய அவருடைய நூல் 1797-இல் இலண்டனில் வெளியாயிற்று. அதன்பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் தொடக்க மாணவர்க்கு மணல் பரப்பிய மேசைகள் வந்தன. அங்கே அவர்கள் ஆங்கில எழுத்துகளை விரலால் வரைந்து பழகினர்.

மணலுக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. அதில் பிழை நிலைப்பதில்லை. கையால் ஒருமுறை தடவினால் மணல் மீண்டும் வெறுமையாகிவிடும். அச்சமின்றிக் கோடு இழுக்கக் கற்பதற்கு இதனினும் எளிய கருவி இல்லை. பின்னாளில் வந்த சிலேட்டுப் பலகைக்கும் இப்பண்பு ஓரளவு வாய்த்திருந்தது. தாளும் மதிப்பெண்ணும் வந்த பின்னரே பிழைபட்ட கோடு நிலைபெற்றது.

அளந்து இழுத்த கோடு

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தம் சொந்தப் பொறுப்பில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1855-இல் அரசு அதனை ஏற்றுத் தொழிற்கலைப் பள்ளியாக நடத்தியது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் தோற்றம் அதுவே. அச்சுக்குச் செதுக்குவோரும் வரைபடம் வரைவோரும் நயமான கைவினைஞரும் அரசுக்கும் தொழிலுக்கும் தேவைப்பட்டனர். அத்தேவைக்கேற்பவே பாடமும் அமைந்தது. இலண்டனில் உருவாகிய தென் கென்சிங்டன் முறை இந்தியக் கலைப் பள்ளிகளில் வேரூன்றியது. நேர்கோடு, வளைகோடு, வடிவியல் உருவம், மாதிரியைப் பார்த்து நகல் எடுத்தல் என அம்முறை படிப்படியாக ஏறும்.

இம்முறையின் நிழல் ஊர்ப்புறப் பள்ளிகள் வரை நீண்டது. உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர் கைவரை, மாதிரி வரை முதலியவற்றில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதித் தேறினார். அவர் கரும்பலகையில் மாங்காயையோ பூச்சாடியையோ வரைவார். மாணவர் அதைப் பார்த்து வரைவர். ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியில் அதுவும் இல்லை. கண்ணும் கையும் ஒழுங்குபட இப்பயிற்சி உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. மாந்தோப்புகள் சூழ்ந்த கிருஷ்ணகிரியின் பிள்ளைகள், தாம் கையில் வைத்துத் தின்ற மாங்காயை விட்டுவிட்டுக் கரும்பலகையின் மாங்காயைப் பார்த்து வரைந்ததுதான் இதில் நேர்ந்த இழப்பு.

இக்காலத்திலேயே சென்னையில் வேறொரு குரலும் எழுந்தது. 1893-இல் சுந்தரராவ் என்பவர், தாளை மடித்தே வடிவியலைக் கற்கும் நூல் ஒன்றைச் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். செருமானியக் கல்வியாளர் ஃபிரோபெல் வகுத்த மழலையர் பள்ளிப் பயிற்சிகளுள் ஒன்றான தாள் மடித்தலே தமக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது என அவர் குறிப்பிட்டார். கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலைச் சுட்டிக் காட்டியதால் அது மேலைநாட்டாரின் கவனம் பெற்றது. 1901-இல் சிகாகோவில் மீண்டும் அச்சாயிற்று. குழந்தை கப்பல் செய்து விளையாடும் தாளில் கணிதத்தைக் கண்ட அந்நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அது தோன்றிய மண்ணின் தொடக்கப் பள்ளிகளிலோ தாள் மடித்தல் நெடுங்காலம் விளையாட்டாக மட்டுமே எண்ணப்பட்டது.

குழந்தைக்கும் ஒரு மொழி உண்டு

குழந்தை வரையும் படம் பெரியவர் படத்தின் குறைவடிவம் அன்று என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. 1897-இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் குழந்தைகளுக்கென ஓவிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். நகல் எடுக்கச் சொல்லாமல், தாம் கண்டதையும் எண்ணியதையும் வரைய விடுதலே அவர் முறை. இந்தியாவில் இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனம் மரநிழல் வகுப்பில் இசைக்கும் ஓவியத்துக்கும் இடமளித்தது. 1919-இல் அங்குக் கலாபவனம் தோன்றியது. அதனைத் தலைமையேற்று வளர்த்தவர் நந்தலால் போஸ். அங்குப் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் காந்தியடிகளின் சேவாகிராமத்திற்குச் சென்று குழந்தைகளுக்கு ஓவிய ஆசிரியரானார். கலையே கல்விக்கு அடிப்படை என்னும் தம் பட்டறிவை அவர் பின்னர் நூலாகவும் எழுதினார்.

தமிழகத்திற்கு 1939-இல் மரியா மாண்டிசோரி வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவி உணர்வதும், உலோகச் சட்டத்தின் விளிம்பைப் பற்றி உருவம் வரைந்து உள்ளே கோடுகளால் நிரப்புவதும் அவர் முறையில் எழுத்துக்கு முற்பட்ட பயிற்சிகள். திண்ணைப் பள்ளியின் மணலை அறிந்தவர்க்கு இவை அந்நியமாகத் தோன்றா.

1947-இல் விக்டர் லோவன்ஃபெல்ட் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சியைப் பருவங்களாக வகுத்துக் காட்டினார். நான்கு வயது வரை கிறுக்கல். ஏழு வயதுக்குள் வட்டமும் கோடுமாக மனித உருவம் பிறக்கும். ஏழு முதல் ஒன்பது வரை வீடு, மரம், மனிதர் ஒவ்வொன்றுக்கும் குழந்தை தனக்கென ஓர் உருவை அமைத்துக்கொள்ளும். தாளின் அடியில் நிலக்கோடு தோன்றும். சுவருக்குள் இருப்பவரும் வெளியே தெரிவர். ஒன்பதுக்கு மேல் உள்ளதை உள்ளவாறு வரைய வேண்டும் என்னும் தவிப்பு வரும். அத்தவிப்பில் தன் படத்தைத் தானே வெறுத்து, எனக்கு வரைய வராது என்று கைவிடும் குழந்தைகள் பலர். தொடக்கப் பள்ளியின் ஐந்து ஆண்டுகளும் இப்பருவங்களின் நடுவில் அமைந்தவை. அந்த ஐந்து ஆண்டுகளில் தவறவிட்டதை உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர் மீட்டுத் தருவது அரிது.

கைத்தொழிலும் பிறப்பும்

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த அடிப்படைக் கல்வித் திட்டம் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. 1946-இல் தி.சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வியமைச்சரானபின் ஆதாரக் கல்விக்கு ஊக்கம் பிறந்தது. பல பள்ளிகளில் தக்களி சுழன்றது. நூற்ற நூலின் அளவு கணக்கிடப்பட்டது. சேவாகிராமத்தில் ஓவியத்துக்குக் கிடைத்த இடம் ஊர்ப்புற ஆதாரப் பள்ளிகளில் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் ஓசூர் மண்ணின் மகன் ஒருவரால் நேர்ந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராசாசி, 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்து தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். ஊர்ப்புறப் பள்ளிகளில் முதல் ஐந்து வகுப்புகளுக்கு நாள்தோறும் 3 மணி நேரமே பாடம். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். இருக்கும் கட்டடத்திலும் ஆசிரியரைக் கொண்டும் இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பதும், கிராமத் தொழில்களின் நுட்பம் அழியாமல் காக்கலாம் என்பதும் அவர் தரப்பு வாதங்கள். குயவர் மகன் மண்ணையே பிசையவும் வண்ணார் மகன் துணியையே வெளுக்கவும் விதிக்கும் குலக்கல்வி இது எனப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தெழுந்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் இராசாசி விலகினார். காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அப்போராட்டத்தின் நியாயம் வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. பள்ளி என்பது பிறப்பின் கட்டை அறுக்கும் இடம் என்னும் கொள்கை அதனால் வலுவடைந்தது. அதன் ஓரத்தில் நிகழ்ந்த ஒன்றையும் வரலாற்று மாணவர் நோக்க வேண்டும். கையால் செய்யும் வேலை என்றாலே குலத்தொழில் என்னும் ஐயம் கல்வி உலகில் படிந்தது. ஏட்டுப் பாடம் உயர்வுக்கு வழி, மண் பிசைதல் தாழ்வுக்கு அடையாளம் என்னும் எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தங்கியது.

இவ்வையத்திற்கு ஓவிய வகுப்பு ஒரு விடை தரக்கூடும். குயவர் வீட்டுப் பிள்ளை மட்டும் மண் பிசைந்தால் அது குலத்தொழில். வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் ஒரே பானை மண்ணில் கைவிட்டு யானை செய்தால் அது கல்வி. எந்தக் கைக்கும் எந்தப் பொருளும் தீட்டன்று என்பதை அறிவுரையால் கற்பிப்பதினும் களிமண்ணால் கற்பிப்பது எளிது. இராசாசியின் திட்டம் கையைப் பிறப்போடு பிணைத்தது. அதற்குப் பின் வந்த காலம் கையையே மறந்தது. இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாம் வழி தொடக்கப் பள்ளியின் ஓவிய வகுப்பில் இருந்தது. அதனை முயன்று பார்த்தோர் சிலரே.

ஆலைகளின் காலம்

1964 முதல் 1966 வரை ஆய்வு செய்த கோத்தாரிக் குழு, கலைக்கல்வி புறக்கணிக்கப்படுவதைச் சுட்டி வருந்தியது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கருவிகள் என்னும் இலக்கை வகுத்தது. ஓசூரில் ஆலைகள் பெருகிய ஆண்டுகளும் அவையே. ஓராசிரியர் ஐந்து வகுப்புகளையும் சேர்த்து நடத்திய ஊர்ப்புறப் பள்ளியில் ஓவிய நேரம் என்பது கால அட்டவணையில் மட்டும் இருந்தது.

பெரிய மாற்றம் அண்டை மாநிலத்தின் வழியே வந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவாலியில் கிராமப் பிள்ளைகளுக்கென உருவான அட்டைவழிக் கற்றல் முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் எம்.பி. விஜயகுமார். 2007–08-இல் அது மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தனர். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள் தொங்கின. அம்முறையின் நிறைகுறைகளைப் பற்றிய வாதங்கள் பல உண்டு. ஆசிரியரின் உயரத்தில் இருந்த கரும்பலகையைக் குழந்தையின் உயரத்திற்கு இறக்கியது, தொடக்கப் பள்ளி ஓவிய வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

2010-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குக் கலைக்கல்விப் பகுதிநேரப் பயிற்றுநரை வகுத்தது. அதன்படி 2012-இல் தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பதினாறாயிரத்திற்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். முதல் ஐந்து வகுப்புகளுக்கு அச்சட்டம் இத்தகைய ஏற்பாடு எதனையும் கூறவில்லை. கை மிகுந்து மலரும் பருவத்திற்குத் தனி ஆசிரியர் இல்லை; தயக்கம் தொடங்கிய பருவத்திற்கே அவர் வருகிறார். இந்த முரண் வகுப்பாசிரியரின் தோளில்தான் இறங்குகிறது.

மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒரு புள்ளியும்

இவ்வட்டாரத்தில் அச்சுமை இன்னும் கூடுதலானது. ஓசூர்ப் பகுதியின் வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் நெடுங்காலமாகப் பேசப்படுகின்றன. 2006-இல் இயற்றிய தமிழ் கற்கும் சட்டத்தால் தமிழ்ப் பாடம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஆலைகளிலும் கட்டுமானங்களிலும் உழைக்க வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் இன்று இப்பள்ளிகளுக்கு வருகின்றனர். முதல் நாள் வகுப்பில் ஆசிரியரின் ஒரு சொல்லும் விளங்காமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ள இருக்கும் முதல் வழி கோடுதான்.

வாசற்கோலம் இதற்கு நல்ல தொடக்கம். தமிழில் கோலம், தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் ரங்கோலி எனப் பெயர் வேறுபட்டாலும், வைகறையில் மூன்று வீட்டு வாசல்களிலும் விழுவது வெள்ளைப் புள்ளியே. தெலுங்கின் சுக்கவும் கன்னடத்தின் சுக்கியும் புள்ளியையும் விண்மீனையும் ஒருங்கே குறிப்பன. இக்கலையின் உள்ளிருக்கும் கணிதத்தைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். கோலத்தைக் கணினி இலக்கணத்தால் விளக்கும் அவர்களது கட்டுரை 1974-இல் வெளிவந்தது. பாட்டி தரையில் இழுத்த கம்பி கணிப்பொறி அறிவியலுக்குப் பொருளாயிற்று. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வகுப்பில் சேர்ந்து அமர்ந்து புள்ளிக் கோலம் இடும்போது, கோலம் பெண்ணுக்கே உரியது என்னும் எண்ணமும் தளரும்.

கைக்கெட்டும் செய்முறைகள்

தனி ஆசிரியரும் விலையுயர்ந்த வண்ணமும் இல்லாத பள்ளியில் என்ன செய்யலாம் என்னும் கேள்விக்கு, மேற்கூறிய வரலாறே விடைகளை அளிக்கிறது.

முதல் இரு வகுப்புகளுக்கு மணல் தட்டு போதும். எழுத்துக்கு முன் அலை, சுருள், வட்டம், கோணல் ஆகிய கோடுகளை விரல் பழகட்டும். ட, ப ஆகியவை நேர்கோட்டு எழுத்துகள். அ, இ, ஞ ஆகியவை சுழிகள். சுழித்துப் பழகிய விரலுக்கு அகரம் அச்சமூட்டாது.

அடுத்தது அச்சுப் பதித்தல். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ; உருளைக்கிழங்கைச் செதுக்கினால் வேண்டிய உருவம். இலையின் நரம்புப் பக்கத்தில் வண்ணம் தடவித் தாளில் அழுத்தினால் அந்த மரத்தின் கையெழுத்து. இலையின்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாலும் நரம்பு எழும். கருங்கல்லுக்குப் பேர்பெற்ற இவ்வட்டாரத்தில், செதுக்கிய கல்லின் சொரசொரப்பையும் வழவழப்பையும் அவ்வாறே தேய்த்து எடுக்கலாம்.

வண்ணம் சமையலறையிலும் நிலத்திலும் உள்ளது. செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள் ஆகியவற்றைக் கஞ்சிப் பசையில் குழைத்தால் மூன்று நிறம். மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தியின் சிவப்பு. சுண்ணாம்பை ஆசிரியரே கலத்தல் வேண்டும். ஒரு நிறம் மற்றொன்றாக மாறுவதைக் கண்ட குழந்தை, ஓவியத்தையும் வேதியியலையும் ஒரே நாளில் தொட்டுவிடுகிறது.

கிழித்து ஒட்டுதல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு மிகப் பொருந்தும். கத்தரிக்கோல் வேண்டியதில்லை. பழைய நாளிதழ், நாட்காட்டித் தாள், பொருள்கள் வந்த அட்டைப்பெட்டி ஆகியவை போதும். உள்ளதை உள்ளவாறு வரைய இயலவில்லையே என்று தவிக்கும் ஒன்பது வயதினர்க்கு இது ஒரு விடுதலை. கிழிந்த விளிம்பு யாருக்கும் நேராக வாராது. ஆதலால் நேராக வரவில்லை என்னும் நாணமும் இல்லை. ஆண்டுக்கொரு முறை வகுப்பே சேர்ந்து ஊரைப் பெரிய தாளில் அமைக்கலாம். ஏரி, கோயில், மாந்தோப்பு, ஆலையின் புகைபோக்கி, வேலைக்குச் செல்லும் பேருந்து, காட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் யானை எனத் தத்தம் பங்கை ஒவ்வொருவரும் ஒட்டலாம். அத்தாள் ஓவியமாகவும் நிலவரைபடமாகவும் அவ்வாண்டின் வரலாற்று ஆவணமாகவும் நிற்கும்.

களிமண்ணைப் பற்றி முன்னரே கூறப்பட்டது. ஏரிமண்ணைச் சலித்துப் பிசைந்து உருண்டை, கயிறு, தட்டு ஆகிய மூன்று வடிவங்களைப் பழகிய கைக்கு எவ்வுருவமும் எட்டும்.

இவை அனைத்திலும் ஆசிரியர் காக்க வேண்டிய நெறிகள் மூன்று. முடிந்த படத்தில் ஆசிரியரின் கை படலாகாது. தரவரிசை கூடாது. வரைந்த குழந்தையிடம், இது என்ன என வினவுவதை விட்டு, இதைப் பற்றிச் சொல் எனக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்ட உடனே படத்திலிருந்து ஒரு கதை புறப்படும். பரிபாடல் காட்டும் மண்டபத்தில் நிகழ்ந்தது அதுவே. அங்கே விளக்கியவர் பெரியவர், இங்கே விளக்குவது குழந்தை.

இலக்கிய வட்டங்களின் பங்கு

2022 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஓவியத்திற்கும் அவற்றில் இடம் உண்டு. போட்டி மேடை திறமையுள்ள சிலரை வெளிக்கொணரும். வகுப்பிலுள்ள அனைவரின் கையையும் பழக்குவது வாரந்தோறும் ஒதுக்கும் ஒரு மணி நேரமே. அந்நேரத்தைக் காப்பதில் ஊராரும் பெற்றோரும் துணைநிற்றல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய அமைப்புக்கு இதில் ஒரு பங்கு உண்டு. கவிஞர்கள் பள்ளிக்குச் சென்று ஒரு பாட்டையோ கதையையோ சொல்லிவிட்டு, அதனை வரையுமாறு பிள்ளைகளைக் கேட்கலாம். முப்பது பிள்ளைகள் முப்பது வகையாக வரைவர். ஒரு சொல்லுக்குள் எத்தனை உருவங்கள் உறைகின்றன என்பதைக் கவிஞரும் அன்று கண்டு திரும்பலாம். அவ்வாறு வரைந்த படங்களை அமைப்பின் ஆண்டுமலர்களில் கவிதைகளுக்கு அருகே, பெயரும் வகுப்பும் இட்டு அச்சிடுதல் செலவு மிக்கதன்று.

அரசின் தொழிலுக்குக் கை வேண்டும் என்றது ஒரு காலம். தந்தையின் தொழிலுக்குக் கை வேண்டும் என்றது மற்றொரு காலம். இன்று ஓசூரின் ஆலைகளும் பழகிய விரல்களைத் தேடுகின்றன. அவ்விரல்கள் ஒருநாள் எத்தொழிலுக்கும் போகலாம். போவதற்கு முன் ஐந்தாண்டுக் காலமேனும் அவை அந்தக் குழந்தைக்கே உரியனவாக இருத்தல் வேண்டும். தொடக்கப் பள்ளியில் ஓவிய வகுப்பைக் கேட்பதன் பொருள் இதுவே.